மணலுக்குள் ஒரு வீடு. வாசலில் ஒரு காவல்

பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலுக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் பள்ளங்கி. படிப்படியாகச் செதுக்கப்பட்ட நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைகின்ற ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நேயர்கள் படித்திருக்கக்கூடும். அப்பூண்டை விளைவிக்க எத்தனை இரவுகளின் உறக்கம் விலையாகக் கொடுக்கப்படுகிறது என்பது மலையில் வாழ்வோருக்கே தெரியும். காட்டெருமைகள் ஓர் இரவு இறங்கி வந்தால் நான்கு மாத உழைப்பு மிதிபட்டுப் போகும். காட்டுப்பன்றி வந்தால் கிழங்கு மிஞ்சாது. ஆகவே பகலெல்லாம் மண்ணைக் கொத்தியவர் படுத்துறங்க, வீட்டில் மற்றொருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டத்து ஓரம் விழித்திருப்பார்.

உழைப்பவர் ஒருவர், காப்பவர் ஒருவர் என்னும் இந்தப் பங்கீடு மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடலின் அடியிலே, விரல் நீளமே உள்ள ஒரு மீனும் அதனினும் சிறிய ஓர் இறாலும் இதே உடன்பாட்டின்பேரில் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றைப் பற்றிக் கீழக்கரைப் பயணமொன்றில் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆற்றோடு ஒரு பயணம்

என்னோடு அரபிக் கல்லூரியில் ஓதிய நண்பர் ஒருவர் கீழக்கரையைச் சேர்ந்தவர். அவருடைய மகளின் நிக்காஹுக்காகக் குடும்பத்துடன் புறப்பட்டோம். பத்து வயதான என் இளைய மகன் அதுவரை கடலைக் கண்டதில்லை. கொடைக்கானல் ஏரியைவிடப் பெரியதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் ஓரிடத்தில், எதிர்ப்புறப் பாறைச் சுவரிலிருந்து வெள்ளை நூல்போல் தலையாறு அருவி விழுவது தெரியும். எலிவால் அருவி என்றும் அதனைச் சொல்வர். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்ற அந்த நீர், மஞ்சளாற்றோடு சேர்ந்து வைகையை அடைகிறது. அதற்குப்பின் எங்கள் பயணமும் வைகையின் பயணமும் ஒன்றாகவே நடந்தன. மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ஆறு போன வழியிலேயே பேருந்தும் போயிற்று. இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் வைகை அடைக்கலம் புகுகிறது. கண்மாய் நிறைந்து மிஞ்சும் வெள்ளம் ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகே பாக் நீரிணையில் சேர்கிறது. நாங்களோ இராமநாதபுரத்திலேயே ஆற்றை விட்டுப் பிரிந்து, தெற்கே திரும்பி மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள கீழக்கரையை அடைந்தோம்.

வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் அது. முத்தும் சங்கும் மரக்கலம் ஏறிய துறை. ஊரின் செல்வமும் புகழும் ஒருகாலத்தில் கடலின் அடியிலிருந்தே எடுக்கப்பட்டன. மூச்சையடக்கி அடிக்கடலுக்கு இறங்கிய மனிதர்கள் இல்லையேல் அந்தச் செல்வம் ஏது? அவ்வாறு இறங்கியவர்களில் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு நிக்காஹுக்கு மறுநாள் எனக்குக் கிட்டியது.

சங்கு குளித்தவர் கண்டது

நண்பரின் உறவினரான அப்பெரியவர் எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் சங்கு குளித்தவர். ஆழத்தின் அழுத்தம் தாங்கித் தாங்கி ஒரு செவி முற்றிலும் கேட்பதில்லை. மறு செவியும் மந்தம். நான் கேட்பதை அவருடைய மனைவி அருகில் அமர்ந்து உரக்கச் சொல்ல, அவர் விடையளித்தார்.

“மாமா, கடலுக்கடியில் என்னதான் இருக்கும்?” என்று என் மகன்தான் பேச்சைத் தொடங்கினான்.

“பாரும் இருக்கும், மணலும் இருக்கும் தம்பி” என்றார் அவர். “பார்னா பவளப்பாறை. எல்லாரும் அதைத்தான் அழகுன்னு சொல்லுவாங்க. எங்களுக்குப் பொழைப்பு மணல்ல. சங்கு மணல்லதான் கெடக்கும். அஞ்சாறு பாகம் இறங்கிச் சங்கைத் தேடுறப்ப, மணல்ல ஒரு ஓட்டை தெரியும். அதோட வாசல்ல ஒரு உளுவை ஒக்காந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு இறால் மண்ணை வாரிக்கிட்டு வந்து வெளியே தள்ளும். திரும்ப உள்ளே போகும். திரும்ப வாரிக்கிட்டு வரும். கொத்தனார் வேலைதான். உளுவை ஒரு வேலையும் செய்யாது. சும்மா பார்த்துக்கிட்டே இருக்கும்.”

“சும்மா இருக்கிற உளுவையை இறால் ஏன் துரத்தவில்லை?” என்றான் மகன்.

பெரியவர் சிரித்தார். “அது சும்மா இல்லையே! நாங்க கிட்டப் போனா உளுவை வாலை ஒரு வெட்டு வெட்டும். அந்த இறாலோட மீசை எந்நேரமும் உளுவை மேலதான் இருக்கும். வால் அசைஞ்சதும் இறால் உள்ளே. இன்னும் கிட்டப் போனா உளுவையும் தலைகீழா உள்ளே. அப்புறம் வெறும் ஓட்டைதான்.”

சற்று நேரம் பேசாதிருந்து, அவரே தொடர்ந்தார். “எங்க வாப்பா காலத்துல முத்துக் குளிக்கப் போறவங்க இடுப்புல கயிறு கட்டி, கல்லுல காலை வச்சு இறங்குவாங்க. மேல வள்ளத்துல ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். கீழே இருக்கிறவர் கயித்தை அசைச்சா மேலே இருக்கிறவர் தூக்கணும். கொஞ்சம் கவனம் தப்புனா உசுரு போச்சு. அதனால கயிறு பிடிக்கிறது எப்பவும் மச்சானாத்தான் இருப்பார்னு சொல்லுவாங்க. தன் அக்கா தங்கச்சி கைம்பெண்ணாகிறதுக்கு எவன் விடுவான் ஹஜ்ரத்? அந்த இறால் மீசையைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு அந்தக் கயித்து ஞாபகம்தான் வரும்.”

படிப்பறிவு மிகுதியாக இல்லாத அப்பெரியவர் ஓர் உவமையில் சொல்லி முடித்ததை விளங்கிக்கொள்ளவே ஊர் திரும்பியபின் நூல்களைத் தேடினேன்.

கண் மங்கிய கொத்தனார்

உளுவை நமக்குப் புதிய மீனன்று. ஆற்றிலும் கண்மாயிலும் பிடிபட்டு நம் சட்டிக்கு வரும் மீன்தான். அதன் குடும்பம் மிகப் பெரியது. ஏறத்தாழ 2000 இனங்கள் அதில் உண்டு. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்ட கடல் உளுவைகள் இறாலோடு கூடி வாழ்பவை. செங்கடலிலிருந்து இந்துமாக்கடல் வழியாக மேற்குப் பசிபிக் வரையிலுள்ள வெப்பக் கடல்களின் மணற்பரப்பே அவற்றின் முதன்மையான வாழிடம். மஞ்சள் நிறத்தவை, செம்பட்டை போட்டவை, நீலப்புள்ளி இட்டவை எனப் பலவகை உண்டு. எனினும் வாழ்க்கை முறை பெரிதும் ஒன்றே.

இறாலும் தனிவகைதான். நாம் சமைத்து உண்ணும் இறால் வேறு. இது சொடுக்கு இறால் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் பல இனங்களுக்கு இரு கொடுக்குகளில் ஒன்று மட்டும் மிகப் பெரிதாக இருக்கும். அதனை நொடியில் மூடும்போது நீர் பாய்ந்து ஒரு குமிழி உண்டாகிறது. அக்குமிழி வெடிப்பதால்தான் ‘சடக்’ என்னும் ஓசை எழுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். இரண்டாம் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்கக் கடலுக்குள் காது வைத்தவர்களை இந்த இறால் கூட்டத்தின் இரைச்சல் பெரிதும் தொல்லைப்படுத்தியது.

ஆனால் உளுவையோடு வாழும் இறாலின் சிறப்பு கட்டடக் கலையில் இருக்கிறது. கொடுக்குகளையே மண்வெட்டியாகக் கொண்டு மணலைத் தோண்டுகிறது. சிப்பித் துண்டுகளையும் உடைந்த பவளத் துணுக்குகளையும் வைத்துச் சுவரையும் கூரையையும் தாங்கச் செய்கிறது. வளை ஒரு மீட்டருக்கும் மேல் நீள்வதுண்டு. பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இரு இறால்கள் ஒரு வளையில் இருக்கும். மணல் சரிந்துகொண்டே இருப்பதால் அவற்றின் வேலைக்கு முடிவே இல்லை. ஒரு நாள் வேலை நின்றால் வீடு தூர்ந்து போகும்.

இத்தனை திறன் வாய்ந்த கொத்தனாருக்குப் பார்வை மங்கல். தலையோட்டின் ஓடே கண்களின்மேல் கவிந்து நிற்கிறது. கூரிய கொடுக்கு உண்டு. வருகின்ற பகையைத் தொலைவிலேயே காணும் கண் இல்லை. மணலைக் கொட்ட வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் பெரிய மீனுக்கு இரையாகும் அச்சம்.

உளுவையின் நிலை இதற்கு நேர்மாறானது. கூர்மையான கண்கள் உண்டு. தோண்டும் கருவி இல்லை. திறந்த மணல்வெளியில் அதற்கு ஒளிய இடமில்லை.

ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இருவரும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டனர். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையால் உளுவையைத் தொட்டுக்கொண்டே வேலை செய்கிறது. ஆபத்தின் சாயல் தெரிந்ததும் உளுவை வாலைச் சிறிதாக அசைக்கும், இறால் பின்வாங்கிவிடும். ஆபத்து மிக நெருங்கினால் உளுவையே தலைகுப்புற வளைக்குள் பாயும். ஆபத்து நீங்கியபின் முதலில் வாசலுக்கு வருவது உளுவைதான். காவல் இல்லாத வாசலுக்கு இறால் வருவதில்லை. மாலையில் இருவரும் உள்ளே போய்விட, இரவில் வாசல் மணலால் மூடிக்கொள்ளும். விடிந்ததும் உளுவை மணலைப் பிளந்து வெளியே தலை நீட்டும். பின்னால் இறால் அன்றைய முதல் சுமையோடு வரும்.

என் மகனின் வினாவுக்கும் இங்கே விடை இருக்கிறது. காவலன் தன்னைக் கைவிட்டு ஓடமாட்டான் என்று இறாலுக்கு யார் உறுதி கூறினார்? எவரும் கூறவில்லை. ஓடுகின்ற உளுவைக்குப் போக்கிடம் அதே வளைதான். காவல் தவறினால் கொத்தனார் இல்லை. கொத்தனார் இல்லையேல் ஒளிந்துகொள்ள வீடும் இல்லை. மச்சான் கயிற்றை விடாதிருப்பதும் ஏறக்குறைய இதனால்தான்.

ஜித்தாவின் பெயர் தாங்கிய இறால்

இந்த நட்பைப் பற்றிய முறையான ஆய்வுகள் செங்கடலில்தான் வேர்கொண்டன என்பது நம் நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 1958ஆம் ஆண்டில் லூதர் என்னும் ஜெர்மானிய அறிஞர் செங்கடலின் உளுவையும் இறாலும் கூடி வாழ்வதை விரிவாக எழுதினார். பிற்காலத்தில் அக்கடலிலேயே கண்டறியப்பட்ட ஓர் உளுவைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

இறால்களுக்கு வழங்கும் அறிவியல் பெயர்களோ இன்னும் அணுக்கமானவை. உளுவையோடு வாழும் இறால்களில் ஒன்றுக்கு ஜிபூட்டியின் பெயர். மற்றொன்றுக்கு ஜித்தாவின் பெயர். ‘ஜெத்தென்சிஸ்’ என்று முடியும் அப்பெயரைப் பிரெஞ்சு அறிஞர் கூத்தியேர் 1897ஆம் ஆண்டில் சூட்டினார். பம்பாயிலிருந்து கப்பலேறி ஜித்தாவில் இறங்கிய ஹாஜிகள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 1995ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோயிற்று. நம் முன்னோர் கரையைக் காணும் ஆவலோடு கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்த நாட்களில், அந்தத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய சிற்றுயிர் கீழே மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தது.

வெறும் மணல் என்று சொல்லலாமா?

கீழக்கரைப் பெரியவரிடம் விடைபெறும் முன், “இப்போதும் அந்த வளைகள் இருக்குமா மாமா?” என்று கேட்டேன். அவர் மனைவி அதை இருமுறை சொல்லவேண்டியிருந்தது.

“பாருக்குப் பக்கத்துல இருக்கும். நான் கடைசியா இறங்குன வருசங்கள்ல, இழுவைமடி போற எடத்துல மணல் உழுது போட்ட வயல் மாதிரி கெடந்துச்சு” என்றார்.

மன்னார் வளைகுடாவைக் காக்க நாடு ஒன்றும் செய்யாமல் இல்லை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001ஆம் ஆண்டில் பவளங்களும் கடலட்டைகளும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

அந்தப் பாதுகாப்பு வருவதற்குள் இழந்தவையும் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்குமாகப் பல்லாண்டுகள் வண்டி வண்டியாகப் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் தீவின் மணலை அலை அரித்தது. 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மறைந்துபோயின. அவற்றுள் ஒன்றான பூவரசன்பட்டி, கீழக்கரைக்கு எதிரே உள்ள ஏழு தீவுகளைச் சேர்ந்தது. நாம் வீடு கட்டுவதற்காக எடுத்த கல், ஒரு தீவின் அத்திவாரமாக இருந்திருக்கிறது. அந்தக் கல்லின் உதிரித் துணுக்குகளைத்தான் இறாலும் தன் கூரைக்குத் தேடிக்கொண்டிருந்தது. எஞ்சிய பவளமும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்குமேல் சூடேறியதால் பெரிதும் வெளுத்து நோயுற்றது.

பவளப்பாறையின் துயரைப் பேசுவதற்கு இன்று ஆட்கள் இருக்கிறார்கள். அதன் வண்ணம் அப்படி. மணலுக்காகப் பேசுவோர் அரியர். படகிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லாத வெற்றிடம். இழுவைமடியின் பலகைகளும் சங்கிலியும் அடிக்கடலைத் தேய்த்துக்கொண்டு போகும்போது, அவை எதையும் உடைத்ததாகக் கரையில் எவருக்கும் தோன்றாது. ஆனால் இரு உயிர்கள் நாள்தோறும் கூடிக் கட்டிய வளைகள் ஒரே இழுப்பில் தூர்ந்துவிடுகின்றன. வளை தூர்ந்தால் இறால் மீண்டும் தோண்ட முயலும். அதற்குள் திறந்த மணலில் நிற்கும் உளுவையின் நிலை என்ன? உளுவை போனபின், பார்வை மங்கிய இறாலுக்கு வால் அசைப்பவர் யார்?

விசைப்படகுத் தொழிலை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நம்மவரும் உண்டு. அவர்கள் வயிற்றிலடிக்கும் பேச்சு இது அன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதிருக்கும் ஒழுங்கு 2017ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. அது மீன்கள் இனம் பெருக்குவதற்கான ஓய்வு. அந்த ஓய்வு மணலுக்கும் கிடைக்கிறது. தீவுகளை ஒட்டிய கடலில் இழுவைமடி இறங்கக் கூடாது என்பதும், இரட்டைமடி எங்குமே கூடாது என்பதும் இருக்கின்ற விதிகளே. அவற்றைக் கரையில் இருப்போர் தாமே முன்னின்று காத்தால் போதும். புதிதாக ஒரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மலையில் தோட்டம் வைத்திருப்பவர் எவரும் காவலை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிட்டு உறங்கப் போவதில்லை.

மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பெரியவருக்கு மூன்று ஆண்மக்கள். மூவரும் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். எவரும் கடலில் இறங்கியதில்லை. பிள்ளைகள் மூச்சடக்கிச் செவியிழந்து பிழைக்க வேண்டாம் என்று அவரே விரும்பி அனுப்பி வைத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பாருக்குத் தெற்கே எவ்வளவு மணல், எந்த மாதத்தில் நீர் தெளியும், எங்கே வளைகள் நெருக்கமாக இருந்தன, எந்த ஆண்டு முதல் அவை குறைந்தன என்பவை அவர் நினைவில் மட்டுமே உள்ளன. 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் எழுத்தில் இருப்பவற்றோடு, இத்தகைய முதியோரின் நினைவும் சேர்ந்தால் அன்றோ நம் கடலின் வரலாறு முழுமை பெறும்?

காயல்பட்டினம் முதல் அதிராம்பட்டினம் வரை, நாகூர் முதல் பழவேற்காடு வரை கடலோரம் வாழும் நம் வீடுகளில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே உட்காரட்டும். கடலடியில் என்னென்ன கண்டீர்கள் என்று கேட்கட்டும். ஊர்ப்பெயரும் ஆண்டும் தவறாமல் எழுதி வைக்கட்டும். செவி மந்தமாக இருந்தால், சற்று உரக்கக் கேட்கட்டும்.